விண்ணரசி எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்

ஏலாக்குறிச்சி விண்ணரசிக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் தற்காலிக ஆபரேட்டர் வேலை. எண்பத்தெட்டில் அங்கே யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஏசி ரூம் அதற்கு, ஊழியம் இவளுக்கு. சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு அன்றைய பதிவுகளை டேப்பில் நகல் எடுத்து, பழையதை அழித்து, ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிக்கொண்டு கிடப்பாள். "பொறுத்துக்கம்மா, வேலை நிரந்தரமானா எல்லாம் சரியாயிடும்" என்பார் செக்‌ஷன் ஆபீசர் வேணுகோபால். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இவள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தாள். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துவிட்டால் மெஷினே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவிடுமாம். அதற்குப் பெயர் ஷெல் ஸ்கிரிப்ட். எழுதினாள். கடுதாசியோ கணக்கோ, எதை எழுதினாலும் உச்சியில் சிலுவை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். கை தன்னால் கூட்டல் குறியைத் தட்டிவிட்டது. அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாது என்று மெஷின் முரண்டு பிடித்தது. எடுக்க மனசு வருமா? புத்தகத்தைத் துழாவினாள். வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டால் மெஷின் அந்த வரியைக் கண்டுகொள்ளாது என்று தெரிந்தது. சிலுவையும் தங்கியது, வேலையும் நடந்தது. வேணுகோபாலிடம் பெருமையாகக் காட்டினாள்.

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அந்த ஸ்கிரிப்டைக் காட்டி, "நான்தான் எழுதினேன் சார்" என்று வேணுகோபால் கூசாமல் சொன்னார். அதிகாரி திரையைப் பார்த்தார்.

"மேல என்னய்யா, சிலுவை?"

மனுஷன் மாட்டிக்கொண்டார் என்றே விண்ணரசி நினைத்தாள். அவரோ சிரித்தார். "நான் சொல்லச் சொல்ல இந்தப் பொண்ணு டைப் அடிச்சுது சார். அவங்க பழக்கம்."

"அப்படியாம்மா?"

நிரந்தரத்துக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் அதே வேணுகோபால். "ஆமா சார்" என்றாள். அந்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் அவருக்குப் பிரமோஷன் வந்தது. மெஷினே பார்த்துக்கொள்வதால் இனி ஆபரேட்டர் தேவையில்லை என்று இவளை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் அவர் முன்னால் போய் நின்றாள். "எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"மேலிடத்து முடிவும்மா, நான் என்ன பண்றது? கவலப்படாத. நான் எழுதறப்ப பக்கத்துல இருந்து நீயும் கொஞ்சம் கத்துக்கிட்டல்ல? எங்க போனாலும் பொழைச்சுக்குவ."

அவர் முகத்தில் துளிக் கள்ளமில்லை. அவரே அதை நம்பிவிட்டிருந்தார். விண்ணரசியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.