மகன் தந்த இரண்டாவது கடிதம்

முப்பது வருடம் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்ட எனக்கு என் விசாவை நீட்டுவதற்கு ஒரு லோயர் வேண்டுமாம். 2009ஆம் ஆண்டு கோடையில் லண்டனில், நோர்பரியில் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். "ஐயா, தனியச் செய்யாதேங்கோ. பிழைச்சால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்." எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "நானே செய்வன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குவது என் பரம்பரையிலேயே கிடையாது.

ஓய்வு பெற்று, தங்கள் சொந்த வருமானத்தில் வாழக்கூடிய கிழடுகளுக்கென்று அந்தக் காலத்தில் இங்கே ஒரு விசா இருந்தது. மனைவி செத்த அடுத்த வருடம் அதில்தான் வந்தேன். என் ஒரே பிள்ளை, மகன், லண்டனிலேயே சட்டன் என்ற இடத்தில் இருந்தான். நாலு வருடம் தந்தார்கள். இன்னும் ஒரு வருடம் நீட்டித் தந்தால் அதன் பிறகு நிரந்தரமாக இருந்துவிடலாம். தராவிட்டால் போக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விசாவை ஏற்கெனவே மூடிவிட்டார்கள், ஆகவே வெளியே போனால் அந்தக் கதவால் மறுபடி வர முடியாது. கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு விட்ட வீடுகள் இருந்தன. வீட்டில் வந்து எட்டிப் பார்க்க ஒரு சனம் இல்லை. மகனை வருடத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் கேட்கிற தகப்பனாகிவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு. வேறு ஒன்றும் இல்லை.

இதில் சிரிக்க வேண்டிய விஷயம், நான் மகனோடு இருக்கவில்லை என்பது. முதல் இரண்டு வருடம் சட்டனில் அவன் வீட்டில் இருந்தேன். விடிய எழும்பி ரேடியோவைச் சத்தமாகப் போட்டுச் செபமாலை கேட்பது என் பழக்கம். மருமகள் தாதி. இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள். ஒரு நாள் மகன் வந்து, "அப்பா, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கோ" என்றான். அவ்வளவுதான். நான் குதித்த குதி! "இந்த வீட்டில செபம் சொல்லவும் பெர்மிசன் வேணுமோ? அப்ப நான் போறன்" என்றேன். போகாதேங்கோ என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. நான் பெட்டியைக் கட்டி முடிக்கும்வரை நின்று, பிறகு அதைத் தூக்கிக் காரில் வைத்தான்.

நோர்பரியில் ஜெர்மனியிலிருந்து வந்து கடை போட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மேல்மாடி அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் லண்டன் ரோட்டில் பஸ் போவது தெரியும். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்குப் போவேன். பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் யாராவது கேட்பார்கள்: "அண்ணை மகனோடதானே இருக்கிறியள்?" "ஓம் ஓம், மகனோடதான்" என்பேன். பிறகு சட்டனுக்குப் போகிற பஸ்சுக்கு நடப்பதுபோலப் போக்குக் காட்டி, அடுத்த ஒழுங்கையால் திரும்பி அறைக்கு வருவேன். நற்கருணை வாங்கிய வாயால் பொய். மகனும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மாதத்தில் ஒரு தடவை வந்தால் அதிசயம். வந்தாலும் காரை விட்டு இறங்க மாட்டான், மருந்துப் பையைக் கையில் தந்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த வருடம் மே மாதத்தில் ஊரில் யுத்தத்தோடு எல்லாம் முடிந்துபோயிருந்தது. தமிழ்க் கடைகளில் சனம் முகம் கொடுத்துக் கதைக்காத காலம். என்னுடைய விசாக் கதையை எடுத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே படிவத்தோடு தனியே இருந்தேன். கறுப்புப் பேனை, பெரிய எழுத்து, கட்டத்துக்குள் ஒவ்வொன்றாக. பழைய தொழில் கைக்குத் திரும்பி வந்ததில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இரண்டு விஷயம் காட்ட வேண்டும். ஒன்று, யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் என் சொந்த வருமானத்தில் வாழ்கிறேன் என்பது. அதற்குப் பத்திரங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மற்றது, இந்த நாட்டோடு எனக்கு நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்பது. அதற்கு மகன் ஒரு கடிதம் தர வேண்டும். கேட்டேன். இரண்டே நாளில் தபாலில் வந்தது.

அழகான ஆங்கிலம். வாசித்தேன். என் தந்தை வந்த நாள் முதல் என்னோடு என் வீட்டில் வசிக்கிறார். அவருடைய உணவு, உடை, மருந்து எல்லாம் என் பொறுப்பு. ஒரு மகனாக அவருக்கு எந்தக் குறையும் நான் வைத்ததில்லை. அவர் கையிலிருந்து ஒரு சதமும் செலவழிக்க விட்டதில்லை.

அடப் பாவி! எங்கள் ஆட்களில் எந்த மகனைக் கேட்டாலும் இப்படித்தான் எழுதுவான். தகப்பன் தன் செலவைத் தானே பார்க்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வைப்பதைவிட அவன் தலையை வெட்டிக் கொடுத்துவிடுவான். ஆனால் யாரும் பார்க்காத கிழவனுக்குத்தான் அந்த விசா. மகன் வைத்துப் பார்க்கிறான் என்று ஒரு வரி போதும், தூக்கி எறிந்துவிடுவார்கள். போதாததற்கு, படிவத்தில் நான் எழுதியது நோர்பரி விலாசம். முப்பது வருடம் பிழை பிடித்தவன் அல்லவா, சிவப்புப் பேனையை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தேன். அதில் இருந்த தகப்பன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தொலைபேசி எடுத்தேன்.

"கடிதம் சரிவராது. வேற எழுத வேணும்."

"என்னப்பா பிழை அதில?"

"எல்லாம் பிழை. நான் தனிய இருக்கிறன், என்ர செலவை நானே பாக்கிறன், நீ ஒண்டும் தாறேல்லை. அப்பிடி எழுது."

அவன் மெதுவாக, "அப்பா, நான் அப்பிடி எழுதினால் வாசிக்கிறவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?" என்றான்.

"ஆர் வாசிக்கப் போறான்? குரோய்டன் விசா ஒபிசில இருக்கிற வெள்ளைக்காரன். அவன் உன்ர கலியாணத்துக்கு வந்தவனோ?"

"அதில்லை அப்பா. என்ர கையால எப்பிடி எழுதுறது?"

"விசர்க் கதை கதையாதை. உண்மையைத்தானே எழுதச் சொல்லுறன்" என்று கத்திவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் அவனே வந்தான். முதல் தடவையாகக் காரை விட்டு இறங்கி மாடியேறி வந்தான். ஒரு கட்டில், ஒரு கதிரை, ஜன்னலோரம் அவன் அம்மாவின் படம். ஒரு கோப்பை, ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இருக்க இன்னொரு கதிரை இல்லையோ அப்பா?" என்று கேட்டான். "ஆர் வாறது இருக்க?" என்றேன். குத்தலாகச் சொல்ல நினைக்கவில்லை. வாய் அப்படி. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

கீழே வீட்டுக்காரருடைய மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அடித்தோம். நான் வரி வரியாகச் சொன்னேன். என் தந்தை தனியாக வசிக்கிறார். என்னிடமிருந்து எந்தப் பண உதவியும் பெறுவதில்லை. அவன் ஒவ்வொரு வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். தொடர்பு பற்றிய இடம் வந்தது. எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை சந்திக்கிறோம் என்று எழுத வேண்டும்.

மகன் அடித்தான்: ஒவ்வொரு ஞாயிறும்.

"அது உண்மையில்லையே" என்றேன்.

"உண்மையாக்கினால் சரிதானே."

வீட்டுக்காரர் அப்போது தேத்தண்ணீரோடு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தம்பி, எழுதினால் எழுதின மாதிரி நடக்க வேணும். ஜெர்மனியில நாங்கள் இருக்கேக்கை சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுவாங்கள். வந்து வீட்டில எத்தினை பல்லுத் துலக்கிற பிரஷ் எண்டும் எண்ணினவங்கள். இஞ்சயும் செக்கிங் வரலாம். அதுவும் ஞாயிறு எண்டு நீங்களே நாளைக் குறிச்சுக் குடுத்திருக்கிறியள்."

இது ஜெர்மனிக் கதை, லண்டனில் இப்படி வந்து எண்ண மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விதிமுறையை அட்டை முதல் அட்டை வரை வாசித்தவன் நான். மகன் என்னைப் பார்த்தான். "அப்பிடியும் நடக்குமோ அப்பா?" என்று கேட்டான்.

"ஆருக்குத் தெரியும்" என்றேன்.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் எல்லாவற்றையும் அனுப்பினேன். நோர்பரியில் பஸ் ஏறினால் குரோய்டன் கால் மணி நேரம். அந்தத் தூரத்துக்குத் தபால்! அடுத்தடுத்த புதன்கிழமைகளில் வேறு வேலை இல்லாமல் பஸ் ஏறிப் போய் அந்தக் கட்டிடத்தின் எதிரே நின்றேன். பெரிய கட்டிடம், எண்ண முடியாத ஜன்னல். அதற்குள் ஏதோ ஒரு மேசையில் என் பாஸ்போர்ட்டும் மகனுடைய கடிதமும் ஒன்றாகக் கிடக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். ட்ராம் ஒன்று போகும், இன்னொன்று வரும். குளிர் ஏறியதும் திரும்பி வருவேன். யாரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் போய் வந்த நாட்கள் அவை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள்! மகன் பதினொரு மணிக்கே வந்துவிடுவான். முதல் ஞாயிறு ஒரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜன்னலால் ரோட்டைப் பார்ப்பான், செக்கிங் வருகிறதோ என்று. நான் மீன் குழம்பு வைப்பேன். அவன் பாண் வாங்கி வருவான். முதலில் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. பஸ்களைப் பற்றிக் கதைத்தோம். நாலாவது ஞாயிறு அவன் தன் அம்மாவைப் பற்றிக் கதைத்தான். கடைசிக் காலத்தில் வந்து பார்க்காமல் விட்டதைச் சொல்லி அழுதான். ஐந்தாவது ஞாயிறு மருமகள் செய்த கட்லட் வந்தது. "ரேடியோவைப் பற்றி மாமா இன்னும் கோவமோ எண்டு கேட்டவ" என்றான். "அவவில என்ன பிழை, நான்தான் விசரன்" என்றேன். அதை நேரே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு ஞாயிறு சாப்பிட்டு முடித்துக் கதிரையிலேயே சாய்ந்து கண்ணை மூடியவன், மூடியபடியே சொன்னான்: "வேலைத் தலத்தில ஞாயிறு ஷிப்ட் எடுக்கச் சொல்லி நெருக்கிறாங்கள் அப்பா. உங்கட விசா வந்து முடியட்டும் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"ஓ, அதுவும் சரிதான்" என்றேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். இரண்டு கோப்பை, இரண்டு கரண்டி.

கார்த்திகை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தபால்காரர் மணி அடித்தார். கையெழுத்து வைத்து வாங்கினேன். தடித்த உறை. அறைக்குக் கொண்டுபோய், கதவைப் பூட்டி, கட்டிலில் இருந்து பிரித்தேன். பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் நிறையப் புது ஸ்டிக்கர். ஒரு வருடம். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு பிழை பிடிக்கவில்லை. லோயர் இல்லாமல் செய்து காட்டிவிட்டேன் என்று துள்ள வேண்டியவன், அப்படியே இருந்தேன். மகனுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன். அவனுடைய இலக்கத்தில் பாதியை அழுத்தியவன் நிறுத்திவிட்டேன்.

கட்டிலுக்குக் கீழே என் பழைய பெட்டி இருந்தது, அவன் தூக்கிக் காரில் வைத்த அதே பெட்டி. பாஸ்போர்ட்டைப் பழைய உள்பனியன் ஒன்றில் சுற்றி அதன் அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு அவன் வந்தான். மழையில் நனைந்திருந்தான். துவாயைக் கொடுத்தேன். தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"குரோய்டனில இருந்து ஏதும் வந்ததோ அப்பா?"

அறுபத்தாறு வயதில், படித்த மனிசன், பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது லேசான காரியம் இல்லை. குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து அதற்குள்ளே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இன்னும் இல்லை மகன்."

"இவ்வளவு நாள் எடுக்குமோ?"

"எடுக்கும் போல கிடக்கு."

அவன் மடக்குக் கதிரையை விரித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, கீழே இருந்த அந்தப் பெட்டியிலேயே கால் முட்டும்படி உட்கார்ந்தான். "சரி, அப்ப வாற ஞாயிறும் வாறன்" என்றான்.

"ஓம், வா" என்றேன். "மீன் வாங்கி வைக்கிறன்."