தாரணி போகாத மங்களூர்

தாரணி ரகசியம் சொன்னால் நான்கு பேருக்குக் கேட்கும். எங்கள் ஊரின் அடுகோடிப் பேட்டையில் அவள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு லேத் பட்டறை. அவளுடைய அப்பா பெருமாள்சாமிக்கு அங்கேதான் வேலை. காலையில் இரும்பு சீவத் தொடங்கினால் மாலை வரை ஓயாது. அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் பேசியே பழக்கம்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவள் பாயிண்ட் கார்ட். பந்தை மேலே கொண்டுவந்து, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவள். உயரம் ஐந்தடி இரண்டங்குலம்தான். எட்டாம் வகுப்பில் கோ-கோ ஆடப் போனவளை, ஆள் குறைகிறது என்று கூடைப்பந்து வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வரிசையை விட்டு அவள் வெளியே வரவே இல்லை. கல்லூரியில் இடம் கிடைத்ததும் விளையாட்டால்தான்.

அவளுக்கு ஒரே ஒரு கணக்கு இருந்தது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அதற்கு விண்ணப்பிக்க, பல்கலைக்கழக அணிகளுக்கான வெளியூர் ஆட்டங்களில் கலந்துகொண்ட சான்றிதழ் வேண்டும். உள்ளூரில் ஜெயிக்கும் கல்லூரி அணிதான் பல்கலைக்கழகத்தின் பெயரில் போகும், பயணம் போகும் பன்னிரண்டு பேருக்குத்தான் அது கிடைக்கும். முதல் வருஷம் அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டாம் வருஷம் எங்கள் கல்லூரியே உள்ளூர் ஆட்டத்தில் தோற்றுவிட்டது. மூன்றாம் வருஷம்தான் மைசூருக்கும் மங்களூருக்கும் போகத் தகுதி பெற்றோம். அதற்கு மேல் அவளுக்கு வருஷம் இல்லை.

"ரயில்வேல சேந்துட்டேன்னு வெச்சுக்கோ, டிக்கெட் இல்லாம வர்ற உன்ன நானே புடிச்சி எறக்கி உடுவேன்டி," என்பாள் என்னிடம்.

"நான் எதுக்கு டிக்கெட் இல்லாம வரணும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாகூட பயப்படுது பாரு இது."

நான் அணியில் பதின்மூன்றாவது ஆள். நன்றாக ஓடுவேன். பந்து கைக்கு வந்தால் அதை உடனே யாரிடமாவது கொடுத்துவிடத் தோன்றும். "பெனி, பந்து கடிக்காதுடி, வெச்சிக்கோ கொஞ்ச நேரம்," என்று தாரணி மைதானத்தின் மறுகோடியிலிருந்து கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் நவம்பரில் பயிற்சி கடுமையானது. எங்கள் பயிற்சியாளர் ப்ரஹ்லாத் சார் ஷிவமொக்கா பக்கத்துக்காரர், கன்னடமும் கொஞ்சம் ஆங்கிலமும்தான் பேசுவார். வெளியூரில் பார்க்க வருகிற கூட்டமும் ஓர் ஆட்டக்காரர் மாதிரிதான், அதையும் சேர்த்து ஆறு பேரோடு ஆட வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக விடுதிப் பெண்களை வரவழைத்துக் களத்தைச் சுற்றி நிறுத்தினார். அவர்கள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து கரண்டியால் அடித்தார்கள். முதல் நாள் யார் கூப்பிடுவதும் யாருக்கும் கேட்கவில்லை. கேப்டன் ஷோபா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தாரணிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "இது ஒரு சத்தமா? எங்க ஊட்டாண்ட வந்து பாருங்க," என்றாள். மறுநாள் சைகைகளோடு வந்தாள். காதைத் தொட்டால் பந்து உள்ளே வருகிறது. பின்னலை இழுத்தால் ஓர் ஆள் வந்து எதிராளியை மறித்து நிற்க வேண்டும். மூக்கைத் துடைத்தால் அவளே தனியாகப் போகிறாள்.

"மூக்கத் தொடச்சா யாரும் குறுக்க வராதீங்க. ஜலதோஷம்னா முன்னாடியே சொல்லிடுறேன்."

ஷோபா கேட்டாள், "ரெஃப்ரிக்கும் சொல்லிடுவியா?"

"அவருக்கு வேணும்னா ஒரு கர்ச்சீப் குடுத்துடலாம்."

மூன்று வாரத்தில் அந்தத் தட்டுச் சத்தத்துக்குள் அணி ஒரு பேச்சும் இல்லாமல் ஆடக் கற்றுக்கொண்டது. ப்ரஹ்லாத் சார் பாராட்டுகிற ஆள் இல்லை. அன்று மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

சாருக்கு ஒரு விதி உண்டு. பயிற்சிக்கு வராவிட்டால் காரணம் கேட்பார், கேட்டு மன்னிக்கவும் செய்வார். பொய் சொன்னால் மன்னிப்பு கிடையாது. "சுள்ளு பேடா," பொய் வேண்டாம் என்று முதல் நாளே ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்குள் பன்னிரண்டு பெயர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். காலை ஆறு மணிப் பயிற்சிக்குத் தாரணி வரவில்லை. ஏழாகியும் வரவில்லை. சார் அவள் எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தது அவளுடைய அம்மா லட்சுமம்மா. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கன்னடம் தெரியும், ஆனால் வாத்தியாரிடம் பேசக் கூச்சம். சார் போனை என்னிடம் நீட்டினார். "நிம்ம பாஷை தானே, நீனே மாத்தாடு." உங்கள் மொழிதானே, நீயே பேசு.

நான் லிங்கராஜபுரத்தில் ஏழாவது வரை தமிழிலும் பிறகு கன்னடத்திலும் படித்தவள். தமிழ்ப் பெற்றோரிடம் பேசும் வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

"ஆன்ட்டி, தாரணி இருக்காளா?"

"ஊட்ல இல்ல கண்ணு. அவ தூரம். மூணு நாள் களிச்சிதான் ஊட்டுக்கு வருவா. சார்கிட்ட சொல்லிடு."

"சரிங்க ஆன்ட்டி," என்று வைத்துவிட்டேன். சாரிடம் திரும்பிச் சொன்னேன். "தூரா ஹோகிதாளந்தே சார். மூரு தினா ஆகத்தந்தே." எங்கேயோ தூரமாகப் போயிருக்கிறாளாம், வர மூன்று நாளாகுமாம். தமிழில் தூரம், கன்னடத்தில் தூரா. சொல்லை மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குப் போகிறவளை எப்படி நம்புவது என்றார் சார் ஷோபாவிடம். "அவ அப்படிப் பண்ண மாட்டா சார்," என்று ஷோபா கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். போனைத் திரும்ப அடித்தாள். லட்சுமம்மா வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டும், யாரும் எடுக்கவில்லை.

அதுவரை நான் செய்தது ஒரு தவறு மட்டும். எங்கள் வீட்டிலோ சர்ச் பக்கத்திலோ அந்தச் சொல்லை அந்தப் பொருளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மதியம் காண்டீனில் என் வகுப்புத் தோழி சௌம்யாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்குள் எங்கேயோ சரியாக உட்காரவில்லை. ஊருக்குப் போயிருந்தால் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதானே சொல்வார்கள்?

"சௌம்யா, 'அவ தூரம்'னா என்ன?"

அவள் குனிந்துகொண்டு சிரித்தாள். "உங்க வீட்ல சொல்ல மாட்டீங்களா? டேட்ஸ்டி, பீரியட்ஸ். வீட்டுக்குள்ள சேக்காம தள்ளி வெக்கிறது. எங்க பெரியம்மா இப்பவும் அப்படித்தான். எதுக்குக் கேக்குற?"

"சும்மா," என்றேன்.

அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. தாரணியின் தம்பி முகேஷ் அந்த வருஷம் முதல் தடவையாக ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். வீட்டில் மாலை போட்டவர் இருக்கும்போது அந்த நாட்களில் பெண்கள் அங்கே இருக்கக் கூடாது. அந்த நாட்களில் அத்தை வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தாரணியே என்னிடம் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறாள். "சாமி ஊட்ல இருக்குறாரு, எனக்குத்தான் எடம் இல்ல." அவள் தூரமாக எங்கும் போகவில்லை. அடுகோடியிலேயே, இரண்டு சந்து தள்ளி, அத்தை வீட்டில் இருந்தாள்.

அப்போது மணி ஒன்றே கால். நான்கு மணிக்கு நிறைய நேரம் இருந்தது.

ஓர் ஆண் வாத்தியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். இது உண்மை, ஆனால் பாதி உண்மைதான். ஷோபா இருந்தாள். அவளுக்கு ஒரு செய்தி போதும். "தாரணி அம்மா சொன்னத நான் தப்பா சொல்லிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் அடித்தேன். அனுப்புவதற்கு முன், தாரணி இல்லாவிட்டால் பன்னிரண்டாவது பெயர் யாருடையது என்ற நினைப்பு வந்தது. மூன்று வருஷம் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். இரண்டரைக்குச் சார் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ரயில் சலுகைப் படிவத்தில் என் பெயரைக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கே தாரணி களத்தில் நின்றாள். அவளுடைய ஷூவும் போனும் வீட்டில் மாட்டிக்கொண்டதால்தான் முந்தின நாள் வர முடியவில்லை. அத்தை மகளின் கான்வாஸ் ஷூவை, ஒரு சைஸ் பெரியதை, முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

சார் கேட்டார், "எல்லி ஹோகித்தே?" எங்கே போயிருந்தாய்?

"எல்லூ இல்லா சார். அடுகோடியல்லே இத்தே." எங்கும் இல்லை, அடுகோடியிலேயேதான் இருந்தேன்.

"தூரமாகப் போயிருப்பதாக உன் அம்மாவே சொன்னாரே," என்றார் கன்னடத்தில். "மூன்று நாளாகும் என்றாரே. யார் சொல்வது பொய்?"

தாரணி வாயைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். நாங்கள் பன்னிரண்டு பேர், தட்டோடு வந்த விடுதிப் பெண்கள், சார். அவ்வளவு உரக்கப் பேசுகிறவளுக்கு அந்த ஒன்றை மட்டும் மெதுவாகச் சொல்ல வழி தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

"சுள்ளு பேடா அந்தித்தே," பொய் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே என்றார் சார். பெயர்கள் அனுப்பியாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்றார்.

ஷோபா பின்னாலேயே ஓடினாள். "என்னாச்சு, சொல்லு தாரணி, நான் பேசுறேன்."

"நம்பலன்னா போவட்டும் உடு," என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனாள். பெரிய ஷூ தரையில் சப்சப்பென்று அடித்துக்கொண்டு போனது.

மைசூரில் ஜெயித்தோம். மங்களூரில் கூட்டம் சார் சொன்னதைவிட அதிகம். இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து நான் ஆறு நிமிடம் களத்தில் இருந்தேன். கடைசிப் பகுதியில் ஷோபா பின்னலை இழுத்தாள். எனக்குச் சைகை தெரியும். ஆனால் எந்தப் பக்கம் போய் மறிப்பது என்று தாரணி கண்ணாலேயே காட்டுவாள், அதற்குப் பழகியிருந்தேன். ஒரு நொடி நின்றுவிட்டேன். பந்து பறிபோனது. மூன்று புள்ளியில் தோற்றோம். வரும் வழியில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. தாரணி இருந்திருந்தால் என்று மட்டும் ஒருத்தி தொடங்கினாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். சான்றிதழ் ஜனவரியில் வந்தது. அதை நான் எதற்கும் பயன்படுத்தவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

தாரணி அதற்குப் பிறகு களத்துக்கு வரவில்லை. தேர்வு எழுத வந்தாள், போனாள்.

இப்போது எனக்குத் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன மாதம் அப்பா ஞானசேகரனைச் சர்க்கரைப் பரிசோதனைக்காகப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் தாரணி உட்கார்ந்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"ஏய் பெனி! இன்னாடி இப்டி எளைச்சிட்ட? அங்கிள், வாங்க, இங்க உக்காருங்க. வெறும் வயித்துலதான வந்துகிறீங்க?"

அப்பாவை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப் போனார்கள். கவுண்டரில் வேறு யாரும் இல்லை.

"ரயில்வே..." என்று தொடங்கினேன்.

"அதுக்கு சர்ட்டிபிகேட் கேப்பாங்கல்ல," என்றாள் சாதாரணமாக. "இது பரவால்லடி. ஏசி. உக்காந்த எடத்துல வேல."

அவளிடம் சொல்ல வேண்டியதை ஒரு வருஷமாக எத்தனையோ விதமாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அன்னிக்கி உங்க அம்மா சொன்னத நான்தான் சார்கிட்ட தப்பா சொன்னேன்," என்றேன்.

"தெரியும்டி." அவள் சிரித்தாள். "சார் தூரான்னு சொன்னப்பவே புரிஞ்சிபோச்சு. ஊட்டுக்குப் போயி அம்மாவைக் கேட்டேன். 'தூரம்னு சொன்னேன், அந்தப் பொண்ணு சரிங்க ஆன்ட்டின்னுச்சே'ன்னு முழிக்குது. உங்க ஊட்ல அந்த வார்த்த இல்ல, உனக்கு எப்டித் தெரியும்? நான்தான் அங்கயே சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ புரிஞ்சிகினு சொல்லுவியான்னு பாத்தேன். நீ பாவம், நின்னுகினு இருந்த."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டாள், நான் போய்விட வேண்டியதுதான்.

"எனக்கு அன்னிக்கி மத்தியானமே தெரியும் தாரணி. லிஸ்ட் போறதுக்கு முன்னாடி. தெரிஞ்சிதான் கையெழுத்து போட்டேன்."

அவள் கீபோர்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு இல்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் அந்த அறை முழுவதும் கேட்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை என்று நின்றேன்.

உள்ளேயிருந்து அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். தாரணி ரசீதை எடுத்து, மடித்து, கவுண்டர்மேல் என் பக்கமாகத் தள்ளினாள்.

"ரிப்போர்ட் நாளைக்கு மூணு மணிக்கு மேல ரெடியா இருக்கும்," என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "வந்து வாங்கிக்கோங்க, மேடம்."