பெயர் எழுதாத சீட்டு

சபையில் என் மாமியாருக்கு ஜெபம்மா என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் போதகருக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தையல் மிஷினின் பெடலிலிருந்து அவர் கால் தானாக இறங்கிவிடும். "உள்ள யாரோ ஆண்டவரே, அந்த உசுரக் காப்பாத்தும்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த தையல். பஸ்ஸில் கையில் கட்டுப் போட்ட ஒருவரைப் பார்த்துவிட்டால் இறங்கும் இடம் வரை உதடு அசைந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் வேஷம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அத்தனையும் உண்மை. என் எரிச்சலே அதுதான்.

எங்கள் வீட்டு முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடை. அத்தை வெட்டித் தைப்பார். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் நான். முடிந்த சட்டையை மடித்து அதன்மேல் கை வைத்து, "இதப் போடப்போற பிள்ள நல்லா இருக்கணும்" என்பார். அந்தப் பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. பட்டன் வைத்த என்னை ஒரு நாளும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.

சபை வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. மனப்பாரம் உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போடலாம், பெயர் மட்டும் எழுதக் கூடாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் சீட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டு அத்தையிடம் கொடுத்துவிடுவார். அத்தைக்குக் கண்புரை. தையல் கைப்பழக்கத்தில் வந்துவிடும், பொடி எழுத்து தெரியாது. அதனால் மத்தியானம் சாப்பிட்ட கையோடு நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், அவர் ஜெபிப்பார்.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தபோது என் தம்பி போன் செய்தான். "அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சுக்கா. வாய் கொழறுது. உன்னத்தான் கேக்கறாரு."

ரயிலில் ஒரு பகல் தூரம். அத்தையிடம் போய் நின்றேன்.

"நானூறு சட்டை கெடக்கு. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு காஜா நானா எடுப்பேன்? முடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா. உங்கப்பாவ ஆண்டவர் பாத்துக்குவாரு."

என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். போனில் அவரிடம் அழுதேன். "அம்மா சொல்றதக் கேளு" என்றார், அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வாசலைத் தாண்டினால் திரும்பி வர இடம் இருக்குமா என்ற பயம், வேறென்ன.

மறுநாள் ஒரு சீட்டு எழுதினேன். பெட்டிவரை போகும் சிரமம்கூட இல்லை, போதகர் தந்த சீட்டுக் கட்டுக்குள் நான்காவதாகச் செருகி, அதன் முறை வந்ததும் வாசித்தேன். 'என் அப்பா படுக்கையில் கிடக்கிறார். என் மாமியார் என்னைப் போக விடவில்லை. ஜெபியுங்கள்.'

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்காலில் நின்றார். முட்டி வலிக்காரர், சாதாரணமாக நாற்காலியில் உட்கார்ந்தேதான் ஜெபிப்பார். "ஆண்டவரே, பெத்த தகப்பனப் பாக்க விடாத அந்தக் கல்நெஞ்சக்காரிய உடையும். அந்தப் பொண்ணுக்குக் கதவத் தெறந்துவிடும்." அவர் குரல் உடைந்தது. இதோ இப்போது புரிந்துவிடும் என்று நம்பினேன்.

"அத்தை, நான் ரெண்டே நாள் போயிட்டு வந்துடட்டுமா?"

"நேத்துதான சொன்னேன்? சும்மா நச்சரிக்காத. அந்த நீலச் சட்டையெல்லாம் எடு."

அடுத்த வாரம் இன்னொரு சீட்டு செருகினேன். அதற்கு அடுத்த வாரமும் ஒன்று. 'அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது' என்று வாசித்த அன்று அத்தை அந்தப் பெண்ணுக்காக மூன்று நாள் உபவாசம் எடுத்தார். எனக்காகப் பட்டினி கிடந்தபடியே, நான் எடுத்த காஜாவை விரலால் தடவிப் பார்த்து, கோணலாக இருக்கிறது, பிரித்துப் போடு என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பிரித்துப் போட்டேன்.

நானூறில் முப்பது மிச்சமிருந்தபோது அப்பா போய்விட்டார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், தானே பையை அடுக்கி ரயிலேற்றிவிட்டார். சவப்பெட்டியை மூடும் நேரத்துக்குத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். "கடைசிவரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாருக்கா" என்றான் தம்பி. அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான், எனக்கு நெஞ்சில் முள்ளாய் நின்றுவிட்டது.

திரும்பி வந்த ஞாயிறு, அத்தை சபையில் சாட்சி சொல்ல எழுந்தார். "யாரோ ஒரு பொண்ணு, அப்பாவப் பாக்க விடலன்னு வாரா வாரம் எழுதிக்கிட்டிருந்தா. இப்ப அவகிட்டருந்து சீட்டே வரல. கர்த்தர் கதவத் தெறந்துட்டாரு. அவ இப்ப அப்பா பக்கத்துல உக்காந்திருப்பா." சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பொண்ணோட அப்பா செத்துட்டாரு அத்தை."

"ஐயோ! உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க கையாலதான பைய அடுக்கி அவளை ரயிலேத்திவிட்டீங்க?"

அத்தை அப்படியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மன்னித்துவிடு என்பார் என்று, வெட்கம்கெட்ட மனசு, காத்துக்கொண்டிருந்தது.

"சபையில சொல்லிடாதம்மா" என்றார்.

சொல்லவில்லை. சபைக்கு ஜெபம்மா வேண்டும், எனக்கு இருக்க இடம் வேண்டும். இப்போதும் மத்தியானம் நான்தான் சீட்டு வாசிக்கிறேன். ஆனால் வாசித்து முடித்ததும் அத்தை முன்போல உடனே ஜெபத்தைத் தொடங்குவதில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

"இது உன்னோடதா?"

"இல்ல அத்தை, யாரோ" என்கிறேன்.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, கண்ணை மூடி, அந்த யாரோவுக்காக உருகி உருகி ஜெபிக்கிறார்.