முதுகில் குஞ்சு சுமந்த பறவை

நெபாஹ் என்னும் மலையூரின் சந்தையில் துணிப் பொம்மை விற்கும் ஹசிந்தா செட்டோவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. சிவப்புப் பாவாடை, பறவை நெய்த மேற்சட்டை, தலையில் குஞ்சம் வைத்த நாடா என அவளுடைய பொம்மைகள் அனைத்தும் அவ்வூர்ப் பெண்களின் உடையையே அணிந்திருக்கும். அந்தப் பறவை அவளே கண்ட வடிவம். முதன்முதலில் அதை அவள் நெய்தது பொம்மைக்காக அன்று. கணவனின் தங்கை பெட்ரோனாவுக்காக. நாற்பது ஆண்டுகளுக்கு முன், உள்நாட்டுப் போரில் அரசுப் படையினர் அவர்களுடைய மலைக்கிராமத்தை எரித்த நாளில் பெட்ரோனா அந்தச் சட்டையுடன்தான் ஓடினாள். பிறகு எவரும் அவளைக் காணவில்லை.

சென்ற ஆண்டு அம்மலைச்சரிவில், கொல்லப்பட்டவர்களைப் புதைத்த குழி ஒன்று தோண்டித் திறக்கப்பட்டது. பெட்ரோனாவின் இரத்த உறவினர் எவரும் உயிருடன் இல்லாததால், துணியைக் கொண்டே அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. எலும்புகளோடு கிடைத்து, கழுவி விரித்திருந்த துணித் துண்டு ஒன்றை ஹசிந்தா விரலால் தடவிப் பார்த்தாள். பறவையின் முதுகில் இன்னொரு சிறு பறவை இருந்தது.

"இது எங்களோடது இல்ல. என் பறவை தனியாத்தான் போகும்," என்றாள்.

எவரும் உரிமை கோராத எலும்புகள் துணியோடு கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் வைத்துப் பூசப்பட்டன.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்துக் கடைக்காரி ஃபெலிசியானா ஒரு பழைய பொம்மையைக் கொண்டுவந்தாள். பெட்ரோனாவின் சட்டைக்குக் கழுத்து வெட்டியபோது விழுந்த துண்டில், அந்நாளில் குழந்தையாயிருந்த ஃபெலிசியானாவுக்கு ஹசிந்தா செய்து கொடுத்தது. கிராமம் எரிந்த நாளில் அதை முதுகில் கட்டிக்கொண்டுதான் அவள் காட்டுக்குள் ஓடியிருந்தாள்.

"கை பிரிஞ்சுபோச்சு, தைச்சுக் குடு அத்தே. அப்பல்லாம் எவ்ளோ நுணுக்கமா நெய்திருக்க பாரு. இப்ப வெள்ளக்காரனுக்கு மொட்டப் பறவைய வித்து ஏமாத்துற."

ஹசிந்தா பொம்மையை வெளிச்சத்தில் பிடித்தாள். பறவையின் முதுகில் குஞ்சு உட்கார்ந்திருந்தது. சந்தைக்குச் செய்யும் பொம்மைகளின் மார்பில் இடம் போதாமல் குஞ்சை விட்டுவிட்டு நெய்யத் தொடங்கியது எந்த ஆண்டில் என்பது அவளுக்கு நினைவில் இல்லை. குஞ்சு இருந்ததே நினைவில் இல்லை.

"என்ன அத்தே, ஊசி கிடைக்கலையா?"

"அவள இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்டி."

ஃபெலிசியானா பொம்மையை அவளிடமே விட்டுவிட்டுப் போனாள்.

பூசிய சுவரைத் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும். மனு கொடுத்து மாதங்கள் கடந்துவிட்டன; ஆணை வரவில்லை. ஹசிந்தாவின் கண்களில் புரை வளர்ந்து வருகிறது.

"சுவரத் தெறக்குறப்ப நான் இல்லன்னா நீ இந்தப் பொம்மைய எடுத்துட்டுப் போ," என்று ஃபெலிசியானாவிடம் சொல்லியிருக்கிறாள். "நான் இருந்தாலும் இதையே காட்டு. என்னைக் கேக்காத."

பொம்மையின் கை இன்னும் தைக்கப்படவில்லை. அந்தத் துணியில் ஊசி பட அவள் விடுவதில்லை.