முன்சீற்றில் மாக்கிரட்

2006ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து, ரொக்ஸ்பரோவில் மாக்கிரட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கியூபெக் மாகாணத்தின் வீதிப்படம் ஒன்று விரித்தபடியே கிடந்தது. அதை யாரும் மடிக்கக்கூடாது என்பது கட்டளை. சாப்பிடுகிறவர்கள் அதன் ஓரத்தில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டார்கள். மகள் சஜிதா ஒருநாள் சொதியைச் சிந்தி ஒரு ஊரையே மஞ்சளாக்கிவிட்டாள். பெற்றோல் அடிக்க வேண்டிய ஊர் அது. மாக்கிரட் இரண்டு நாள் மகளோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

படத்தின் மேற்பாதியில், வீதிகள் குறைந்து காடு பச்சையாகப் பரந்த இடத்தில், நீலமாக ஒரு பெரிய ஏரி. லக் சென்-ஜோன் என்பது அதன் பெயர். மாக்கிரட்டின் கணவர் மரியதாசன் சென்-ஜோன் என்ற புனிதரின் பெயரைத் தமிழாக்கி அதை அருளப்பர் ஏரி என்றுதான் சொல்வார். டவுன்டவுனில் அவர் சமையல் வேலை செய்த உணவகத்தில் கூட வேலை செய்த கீ என்ற கியூபெக்காரன் அந்த ஏரிக்கரையில் பிறந்தவன். கரையில் நின்றால் அக்கரை தெரியாது என்று கீ சொன்னதை மரியதாசன் நம்பவில்லை. அவர் மன்னாரில் கடல்தொழில் செய்த வீட்டுப் பிள்ளை. அக்கரை தெரியாவிட்டால் அது கடல், ஏரி என்று பெயர் வைத்து ஆளை ஏமாற்ற முடியாது என்று அவர் வாதாடினார். பத்து வருடமாக இருவரும் வெங்காயம் வெட்டியபடி இதையே கதைத்தார்கள். ஒருநாள் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்று மரியதாசன் சொன்னது முழுக்கப் பகிடி.

முந்திய வருடம் ஐப்பசியில் அது பகிடி இல்லாமல் போயிற்று. அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். இரண்டு பக்கமும் ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நேரே தெரிந்ததால் மனிதருக்கு அது விளங்கவில்லை. மருந்து விட்டால் வேகம் குறையும், போனது திரும்பாது, மிச்சம் எவ்வளவு காலம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் கண் வைத்தியர். அவர் எழுதிய படிவத்தோடு சாரதி லைசன்ஸும் போயிற்று. மரியதாசன் இதை வெளியில் மூச்சுவிடவில்லை. காரை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், ரயிலில் போனால் நித்திரை கொள்ளலாம் என்று கோயிலில் கேட்டவர்களுக்குச் சிரித்தபடி சொன்னார். மாக்கிரட்டுக்கும் சஜிதாவுக்கும் ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருந்த மாக்கிரட்டின் அண்ணன் அருமைராசாவுக்கும் மட்டுமே உண்மை தெரியும்.

அந்த மார்கழியில் சஜிதா அவரைக் காரில் புரோசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தபோது, ஆற்றுப் பாலத்தில் என்ன பார்த்தீர்கள் என்று மாக்கிரட் கேட்டாள்.

"கார்க் கண்ணாடியின்ரை சட்டத்தைப் பாத்தன்," என்றார் அவர். "எனக்கு இருக்கிறதே ஒரு சின்ன ஜன்னல். அதுக்குள்ள இன்னொரு ஜன்னலை வைச்சா என்ன தெரியும்?"

மாக்கிரட் அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கான சோதனைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தேழு. உயரம் நாலடி பதினொரு அங்குலம். டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் பதினைந்து வருடமாகக் கட்டில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை செய்தவர்களுக்கும் கோயிலில் அவளோடு இருந்து செபம் சொன்னவர்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு. மன்னாரில் அவள் எட்டு வருடம் அரசாங்க மருத்துவிச்சி. ஆஸ்பத்திரி கொடுத்த சின்ன மோட்டார் சைக்கிளில், பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மணல் பாதைகளில் தனியே ஓடிப்போய் இருநூற்றுப் பதினேழு பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். அவளுடைய சான்றிதழை இங்கே ஏற்கவில்லை. அதைப் பற்றி அவள் எவரிடமும் முறைப்பட்டதில்லை. மறந்ததும் இல்லை.

எழுத்துச் சோதனையை முதல் தடவையே, பிரெஞ்சு மொழியில், சித்தியடைந்தாள். மைதானச் சோதனையில் தவறினாள். கூம்புகளுக்கு இடையே மெதுவாக வளைந்து போகும்போது கால் ஒருதரம் நிலத்தில் பட்டுவிட்டது. அண்ணன் அருமைராசா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் அவர் அளந்தது பிழைத்ததாக வரலாறு இல்லை. ஞாயிறு காலைகளில், கடை திறக்க முந்தி, புரோசார்ட்டில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு ஏழு பால்மா டின்களை வைத்தார். இரண்டாவது சோதனையில் அவள் கால் நிலத்தைத் தொடவில்லை. வீதிச் சோதனையும் முடிந்தது. பழைய சுசுகி ஒன்று வாங்கினார்கள். அறுநூற்றைம்பது சி.சி., சீற் பதிந்தது, அவளுடைய இரண்டு காலும் நிலத்துக்கு எட்டியது. வாங்கும் முன் அருமைராசா அந்தச் சீற்றின் உயரத்தை மூன்று தரம் அளந்தார்.

பின்சீற்றுத்தான் பிரச்சினையாக இருந்தது. மாக்கிரட் வளைவில் சாய்ந்தால் மரியதாசன் தூண் மாதிரி நிமிர்ந்திருந்தார். வண்டி இழுபட்டது. ஒருமுறை பால்மா டின் மூன்று பறந்தன.

"நான் சாயேக்க நீங்களும் என்னோட சாய வேணும். இல்லாட்டி ரெண்டு பேரும் சேந்து விழுவம்."

"விளங்குது. உடம்புதான் கேக்குதில்லை."

ஆனாலும் திட்டம் வளர்ந்தது. மாக்கிரட் வாங்கிய கொப்பியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வீதித் துண்டு. வண்டியின் பெற்றோல் தாங்கியை நம்பி நூற்றைம்பது கிலோமீற்றர்தான் ஓடலாம். லா துக் என்ற ஊருக்கும் ஏரிக்கரையில் உள்ள ஷம்போருக்கும் இடையே நூற்றிருபத்தைந்து கிலோமீற்றருக்குக் காடு மட்டுமே. ஆகவே லா துக்கில் நிரப்பாமல் நகரக்கூடாது என்று சிவப்பில் எழுதினாள். மாலை மயங்கினால் மூஸ் மான்கள் வீதிக்கு வரும். ஆறு மணிக்குப் பிறகு ஓட்டமில்லை. கண் மருந்து ஒரு நாளுக்கு இரண்டு தரம், குளிர்ப் பெட்டியில். ரொபேர்வாலில் மூன்று இரவு தங்கல். பிறகு ஏரியை வலம் வந்து, பெரிபொங்கா, அல்மா வழியாகத் திரும்பவும் ஷம்போர். ஆடி மாதக் கடைசியில் மாகாணமே கட்டிட வேலை விடுமுறையில் போகும் இரண்டு கிழமையில்தான் இருவருக்கும் லீவு. புறப்படும் நேரம் திங்கட்கிழமை காலை நாலரை.

அந்த நாலரை மரியதாசனின் யோசனை. அயலில் அவர்களுடைய கோயில் பங்குக்காரரின் வீடுகள் நாலு இருந்தன. விடிய முன் போய்விட்டால் ஒருவரும் காணமாட்டார்கள். மாக்கிரட் எழுதினாள். எழுதும்போது பேனை அந்த இடத்தில் கொஞ்சம் அழுந்திவிட்டது.

ஆனால் ஆனி மாதமே கதை வெளியில் வந்துவிட்டது. பங்கின் மாதர் சபைத் தலைவி எலிசா, புரோசார்ட் கடைக்கு நேரத்தோடு வந்த இடத்தில் பால்மா டின்களையும் கண்டிருக்கிறாள், மாக்கிரட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த மரியதாசனையும் கண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கையில் கேட்டாள்:

"மாக்கிரட் அக்கா, அண்ணையை மூட்டை மாதிரிப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு எங்கை போறியள்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மரியதாசனும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் மாக்கிரட்டுக்கு வலித்தது.

அந்தப் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடியில், பிரயாணிகளின் காவலரான புனித கிறிஸ்தோப்பர் திருநாளுக்கு முந்திய ஞாயிறு, கோயில் முற்றத்தில் வாகனங்களை வரிசையில் விட்டு ஆசீர்வாதம் வாங்குவார்கள். ஃபாதர் வாகனத்துக்குத் தீர்த்தம் தெளித்தபின் சாரதியை முன்னுக்கு அழைத்து, அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் சிலுவை வரைவார். ஓடுகிற கைக்குத்தான் ஆசீர்வாதம். ஆனந்தராசா என்ற சபை உறுப்பினர் ஒவ்வொரு சாரதியையும் படம் பிடிப்பார். படங்கள் வருடம் முழுக்க மண்டபச் சுவரில் தொங்கும்.

மாக்கிரட் வண்டியைக் கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். அன்று பின்னேரம் மேசையைச் சுற்றி அண்ணனும் இருந்தார். ஆசீர்வாதம் இல்லாமல் தூரப் பயணம் கூடாது என்பது அவருக்கும் சரி. ஆனால் அவரிடம் ஒரு வழி இருந்தது.

"கோயிலிலை மட்டும் மச்சான் முன்னுக்கு இருக்கட்டும். படத்துக்குத்தானே. றோட்டிலை ஓடப்போறது நீதான். ஒருதருக்கும் ஒரு கதையும் இல்லை."

மரியதாசன் வீதிப்படத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்கும் சரி என்றார்.

மாக்கிரட் எழுந்து அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அண்ணை, லைசன்ஸிலை என்ரை படம் இருக்கு. சோதனையிலை தவறினதும் நான், பாஸ் பண்ணினதும் நான். இந்தச் சனம் என்னைப் பதினைஞ்சு வருசமாய்த் துணி மடிக்கிறவ எண்டு பாத்தது. பாக்கட்டும், அது நேர்மையான வேலை. ஆனா ஓடத் தெரிஞ்ச நான் ஓடத் தெரியாதவள் மாதிரிச் சுவரிலை தொங்கமாட்டன்." பிறகு கணவரிடம் திரும்பினாள். "உங்கடை கண்ணைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டன். அது உங்கடை விசயம். பின்னுக்கு ஏற வெக்கமெண்டா வீட்டிலை நில்லுங்கோ. நான் தனியப் போய் அக்கரை தெரியுதோ எண்டு பாத்துக்கொண்டு வந்து சொல்லுறன்."

சஜிதா வாய்க்குள் சிரித்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் பயணக் கதை நின்றுபோயிற்று. மாக்கிரட் தன்பாட்டில் கொப்பியைத் திருத்தினாள். திங்கள் காலை நாலரையைக் கோடு கிழித்து வெட்டினாள். ஞாயிறு பகல் பன்னிரண்டு, கோயில் முற்றத்திலிருந்து, என்று எழுதினாள். அப்படியானால் ஒரே நாளில் ஏரிக்குப் போக முடியாது. ரொபேர்வாலுக்கு ரெலிபோன் எடுத்து ஓர் இரவைக் குறைத்தாள். லா துக்கில் இருவருக்கு அறை கேட்டாள். அந்த "இருவர்" என்ற சொல்லை அவள் பிரெஞ்சில் இரண்டு தரம் உரத்துச் சொன்னது பக்கத்து அறையில் இருந்த மரியதாசனுக்குக் கேட்டது.  சனிக்கிழமை அவருடைய ஹெல்மெட் துடைத்து வைத்திருந்தது.

ஞாயிறு வெயில் கொளுத்தியது. முற்றத்தில் வான்களும் கொரோலாக்களும் கண்ணாடியில் செபமாலை தொங்க வரிசையாக நின்றன. மாக்கிரட் தோல் ஜக்கற்றோடு, வியர்வை வழிய, இரண்டு வான்களுக்கு நடுவில் சுசுகியின் அருகே நின்றாள். மரியதாசன் ரயிலில் வந்து, அவளிடமிருந்து பத்தடி தள்ளி அருமைராசாவோடு நின்றார்.

ஃபாதர் வந்தார். தீர்த்தம் தெளித்தார். ஆனந்தராசா கமராவோடு ஓடிவந்து மரியதாசனின் கையைப் பிடித்து இழுத்து, அண்ணை முன்னுக்கு ஏறுங்கோ, நல்ல வெளிச்சம் என்றார். ஃபாதரும் அவரைச் சாரதி என்றே எண்ணி, உள்ளங்கையை விரிக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

மாக்கிரட் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

மரியதாசன் தன் கையை மடக்கினார்.

"எனக்கில்லை ஃபாதர். அவதான் ஓடுறா," என்றார். பின்வரிசைக்கும் கேட்கிற குரல். "எனக்குக் கண் போகுது. போன ஐப்பசியோட லைசன்ஸும் போட்டுது. நான் பின்னுக்கு இருக்கிற ஆள்."

 யாரோ ஒருவர், பகிடியால் சமாளிக்கலாம் என்று நினைத்து, அப்ப பின்னுக்கிருந்து செபமாலையோ சொல்லப்போறாய் என்று கேட்டார்.

"இல்லை," என்றார் மரியதாசன். "அங்காலை ஒரு ஏரி இருக்காம். எனக்கு இடப்பக்கமும் தெரியாது, வலப்பக்கமும் தெரியாது. நேரா இருக்கிறதைப் பாக்கப்போறன். இவ கட்டை, தலைக்கு மேலாலை நல்லாத் தெரியும்."

இந்தமுறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. எலிசா மட்டும் கோப்பித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். மாக்கிரட் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் நீட்டினாள். சலவைச் சோடாவில் தோல் தடித்த கைகள். ஃபாதர் வலது கையில் ஒரு சிலுவை, இடது கையில் ஒரு சிலுவை வரைந்தார். ஆனந்தராசா படம் எடுத்தார். அவள் முன்னுக்கும் அவர் பின்னுக்கும் இருந்த படம் அது.

அருமைராசா குனிந்து இரண்டு ரயரிலும் காற்றழுத்தம் பார்த்தார். ஓடிய தூரத்தின் இலக்கத்தைத் தங்கையின் கொப்பியில் எழுதினார். எழுதி முடிந்தபின்னும் அதைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பன்னிரண்டு பத்துக்கு வண்டி நகர்ந்தது.

முற்றத்து வாசலில் வலப்பக்கம் ஒடுங்கிய வளைவு. மாக்கிரட் சாய்ந்தாள். பின்னால் இருந்த பாரம் ஒரு கணம் பிந்தி, பிறகு அவளோடு சேர்ந்து சாய்ந்தது. வண்டி இழுபடவில்லை.

முதல் சந்தியிலேயே சிவப்பு விளக்கு. மரியதாசன் முன்னுக்குக் குனிந்து ஹெல்மெட்டை அவளுடைய ஹெல்மெட்டோடு முட்டினார்.

"எலிசா பாத்துக்கொண்டு நிக்கிறாவோ? எனக்குப் பின்பக்கம் திரும்பினாலும் தெரியாது."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். "எலிசா மட்டுமில்லை. எல்லாரும் வாசலுக்கு வந்திட்டினம்."

"அப்ப பச்சை விழுந்தோடன கொஞ்சம் பலமாய் முறுக்கும்."

பச்சை விழுந்தது. மாக்கிரட் முறுக்கினாள்.