தாம்பாளத்தில் காய்ந்த இரண்டு சிப்கள்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் நடுவில். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. அறிவியலுக்கு மூன்று ஆண்டாக ஆசிரியர் கிடையாது, இங்கிலாந்தில் செய்த கம்ப்யூட்டர் மட்டும் உண்டு. அதைத் தொடும் உரிமை மூன்று பேருக்கு இருந்தது: தலைமையாசிரியர், பொருட்களுக்குப் பொறுப்பான எழுத்தர், நான். அவர்கள் இருவரும் விருந்தாளிகளுக்குத் தொட்டுக் காட்டுவார்கள். நான் துடைப்பேன்.

நான் கணக்கு டீச்சர். சேலத்தில் மூன்று வாரம் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். என் திறமையைக் கண்டு அனுப்பியதாக நானும் கொஞ்ச நாள் நம்பினேன். மற்ற ஆசிரியர்கள் அத்தனை பேர் வீட்டிலும் அதே வாரத்தில் நெருங்கிய உறவினர்கள் இறந்துபோயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது என் மகளுக்கு ஒன்பது மாதம். கணவருக்குப் பாலக்கோட்டில் வேலை. குழந்தை அங்கே என் நாத்தனாரிடம் வளர்ந்தாள். நான் பள்ளிக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை தர்மபுரியில் பஸ் மாறிப் போவேன், ஞாயிறு மாலை திரும்பிவிடுவேன். பாலக்கோட்டுப் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதைக் கேட்டு நான் எழுதிய மாறுதல் மனு தலைமையாசிரியரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. சாமிக்கு அவர் தினமும் பூ வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு சிப்கள் வந்தன. கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே காலியாக ஒரு சாக்கெட் இருக்கும். அதில் இந்தச் சிப்பைச் செருகினால் கம்ப்யூட்டர் புதிதாகச் சில வேலைகள் செய்யும்: புரோகிராமின் வரி எண்களை ஒழுங்குபடுத்தும், கேட்ட சொல்லைத் தேடித் தரும், தவறி அழித்த புரோகிராமை மீட்கும். இரண்டு சிப்பும் வேறு வேறு கம்பெனி. எது நல்லது என்று ஒப்பிட்டு அறிக்கை அனுப்பும்படி உத்தரவு.

"இந்த ரிப்போர்ட்ட நல்லபடியா முடிச்சுக் குடுங்க டீச்சர். உங்க மனுவ நானே கையோட எடுத்துட்டுப் போறேன்" என்றார் தலைமையாசிரியர்.

ஒரே நாளில் ஒப்பிட்டு முடித்தேன். முதல் சிப் வரி எண்களை மாற்றும்போது 'இந்த வரிக்குப் போ' என்று உள்ளே எழுதியிருக்கும் எண்களையும் சேர்த்து மாற்றியது. இரண்டாவது அதைக் கண்டுகொள்ளவே இல்லை, புரோகிராம் வழி தெரியாமல் நின்றது. இரண்டாவது தேடுவதில் வேகம். ஆனால் அழித்ததை மீட்கச் சொன்னால் பாதியை மீட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று உட்கார்ந்துகொண்டது. அரசு வேலைக்கு ஏற்ற சிப் அதுதான் என்றாலும் முதலாவதே நல்லது என்று நோட்டில் எழுதினேன்.

ஒரு நாளில் முடிந்ததைத் தலைமையாசிரியரால் தாங்க முடியவில்லை. "ஒரு மாசமாச்சும் ஆராய்ச்சி பண்ணுன மாதிரி இருக்கணுமுங்க" என்றார். சரி என்று காத்திருந்தேன்.

எழுத்தருக்கு வேறு கவலை. சிப்பின் முதுகில் கம்பெனி பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவருக்குப் பெயர் போதாது, எண் வேண்டும். "பொருள் மேல இருக்கற நம்பரப் பாத்துத்தான் பதிவேட்டுல ஏத்தோணும். ஸ்டிக்கர உரிச்சிருங்க டீச்சர்" என்றார். உரித்தேன். அடியில் எண் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னலும் உள்ளே ஏதோ மினுமினுப்பும் இருந்தன. எவ்வளவு அழகு என்று மூன்று பேரும் பார்த்தோம். உரித்த ஸ்டிக்கர்களை எழுத்தர் அத்தாட்சிக்காகப் பதிவேட்டிலேயே ஒட்டிக்கொண்டார். சிப்போடு வந்த கையேட்டைப் படிக்கக் கேட்டதற்கு, தாள் கசங்கிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் அறை ஒழுகியது. கம்ப்யூட்டருக்கு மேல் மூன்று குடை விரித்துக் காப்பாற்றினோம். சிப் டப்பாக்கள் மட்டும் ஈரமாகிவிட்டன. மழை விட்டு நல்ல வெயில் அடித்ததும் தலைமையாசிரியர் வழி சொன்னார்: "வெயில்ல வைங்க."

"வைக்கலாங்களா சார்?" என்றேன்.

"சத்துணவுப் புளி நனஞ்சு காயுது. மொளகா காயுது. இது காயாதுங்களா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு தாம்பாளத்தில் துணி விரித்து, இரண்டு சிப்பையும் ஜன்னல் மேலே தெரிய வைத்து, சத்துணவுக் கூடத்து முற்றத்தில் புளிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் வைத்து மாலையில் எடுத்தேன். ஈரம் முதல் நாளே போய்விட்டது. இருந்தாலும் எலும்பு வரை காயட்டும் என்று மூன்று வாரம் காயவைத்தோம். காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்தது.

மாதம் முடிந்தது. கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார். முதல் சிப்பைச் செருகிக் கட்டளை கொடுத்தேன். தவறான கட்டளை என்றது திரை. இரண்டாவதைச் செருகினேன். அதுவும் அதையே சொன்னது. எழுத்தரிடம் சண்டை போட்டுக் கையேட்டை வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி எழுதியிருந்தது: ஜன்னலை மூடிய ஸ்டிக்கரை எடுக்காதீர்கள், வெயில் பட்டால் உள்ளே உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

தலைமையாசிரியர் கையேட்டை வாங்கி மூடி வைத்தார். "ரெண்டும் ஒரே பதில்தான சொல்லுது. அப்ப ரெண்டும் சமம்னு எழுதிருங்க" என்றார்.

"முதல் சிப் நல்லா வேல செஞ்சுது சார். நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"நோட்டுல இருக்கறது சிப்புல இல்லீங்களே டீச்சர். நடந்தத எழுதுனா விசாரணைம்பாங்க. விசாரணை இருக்கறப்ப மாறுதல் குடுப்பாங்களா? கொழந்தைய நெனச்சுப் பாருங்க."

குழந்தையைத்தான் நினைத்தேன். இரண்டும் சமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்று இரவே பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினேன்.

பதில் சீக்கிரமே வந்தது. அறிக்கையைப் பாராட்டியிருந்தார்கள். இரண்டும் சமமாக இருப்பதால் முடிவெடுக்க மேலும் ஆய்வு தேவை. ஒப்பிட்ட ஆசிரியையே தொடர்ந்து ஒப்பிட்டுக் காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். ஆய்வு முடியும்வரை அவரை அங்கிருந்து மாற்றக் கூடாது.

அதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல், ஒன்றுமே இல்லாத இரண்டு சிப்களை நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'சமம்' என்று எழுதினேன். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதினேன். 'தொடர்ந்து சமம்' என்றும் எழுதினேன். இரண்டாவது அறிக்கை எழுதிய வாரத்தில் மகள் நடந்தாளாம். நான்காவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். பாலக்கோட்டு இடத்துக்கு வேறொருவர் வந்து சேர்ந்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை பையோடு வாசலில் நின்றேன். விளையாடிக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். "அம்மா, வூட்டுக்கு ஆரோ வந்திருக்காங்க" என்று நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் மேல் எனக்குக் கோபமில்லை, நான் போட்ட கையெழுத்தின் மேல்தான். நாத்தனார் பதறிப்போய்க் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.