மூச்சு வாங்குகிறது என்று சொல்லாத மனிதர்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் "எப்படி இருக்கீங்க?" என்று பால்காரர் கேட்டாலும் சரி, டாக்டர் கேட்டாலும் சரி, முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரே பதில்தான் சொல்லுவார். "ஃபிட்!" காய்ச்சலில் கிடந்தபோதும் ஃபிட். குற்றாலத்தில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்து கட்டுப் போட்ட அன்றும் ஃபிட். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியதற்கு எனக்கு ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும்.

தினமும் காலையில் தென்காசி பெரிய கோயில் வரைக்கும் நடந்துபோய் வருவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். பாதித் தூரத்தில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். தினமும் பார்க்கிற கோபுரம்! இன்னும் கொஞ்ச தூரம் போய்க் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். போட்டிருந்தது ரப்பர் செருப்பு, அதில் என்ன வார்? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மனிதர் மூச்சு விட முடியாமல் நிற்கிறார், அதை என்னிடம் மறைக்கிறார்.

சண்டை போட்டுத்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். "ஆர்மி சார்." "ஆர்மியில என்ன வேலை?" "பாய்லர் ரூம் சார்." டாக்டர் மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்நார்" என்றார். நம் வீட்டுக் கூரைக்குப் போடுகிறோமே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதில் இருக்கும் சரக்கு. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் போனதுதானாம். இருபது முப்பது வருஷம் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு மூச்சைப் பிடிக்குமாம்.

அந்தப் பாய்லர் ரூமைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் வடக்கே ஒரு குளிர்ப் பிரதேசத்து முகாமில் இருந்தார். முகாம் முழுவதற்கும் வெந்நீரும் நீராவியும் போகும் குழாய்கள் அங்கேதான் கிளம்பும். சூடு வெளியேறாமல் இருக்க வெள்ளைக் கல்நார்ப் பொடியைத் தோசை மாவுபோலக் கரைத்துக் குழாய்மேல் அப்பி, அதற்குமேல் கல்நார்த் துணி சுற்ற வேண்டும். பழையதை உரித்து எடுக்கும்போது தூசி பறக்கும். தென்காசிப் பக்கத்துப் பையன்களுக்குக் குளிர் ஆகாது என்று இரக்கப்பட்டு, ஒரு நல்ல ஹவில்தார் இவரையும் சுரண்டைக்காரக் கூட்டாளி ஒருவரையும் அந்த வேலையில் போட்டிருக்கிறார். மற்றவர்கள் பனியில் நடுங்க, இவர்கள் இரண்டு பேரும் குழாய்க்கு அடியில் அந்தக் கல்நார்த் துணியையே விரித்துப் படுத்துத் தூங்குவார்களாம். அதிர்ஷ்டம் என்று எனக்கு எழுதினார். நானும் சாமிக்கு விளக்குப் போட்டேன்.

அந்தச் சுரண்டைக் கூட்டாளி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருமி இருமியே போனார். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. "பீடி குடிச்சே செத்தான்" என்று ஊரில் பேசினார்கள். அவர் பீடியைத் தொட்டதே இல்லை. அவர் மனைவி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் பிள்ளைகளை வளர்த்தாள்.

விஷயம் தெரிந்ததும் அவள் சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். மூன்று பேருமாக முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். பணியிலிருந்து வந்த பிறகு தெரியவருகிற நோய்க்கும் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாம். ஆனால் அந்த நோய் பட்டாள வேலையால்தான் வந்தது என்று ராணுவ மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அதற்கும் மேலே தீர்ப்பாயம் உண்டு. வேலையால் இறந்தவரின் மனைவிக்கும் தனிக் குடும்பப் பென்ஷன் இருக்கிறது. ஆனால் செத்தவரைப் பரிசோதிக்க முடியாதே. ஒரே இடத்தில் ஒரே வேலை பார்த்த இவருக்கு இந்த நோய் என்று குழு எழுதினால், அது அவளுக்குப் பெரிய பிடிமானம் என்றார்.

"ஒரு சிக்கல் இருக்கு," என்று அவரே சொன்னார். "நீங்க பென்ஷன்ல வரும்போது நடந்த மெடிக்கல்ல என்ன சொன்னீங்க?"

இவர் நிமிர்ந்தார். "ஃபிட்னு சொன்னேன் சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "எல்லாப் பயலும் அதத்தான் சொல்லிட்டு வந்திருக்கான். இந்தத் தடவயாவது உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க வாயத் திறக்காட்டா ரெண்டு குடும்பத்துக்கும் ஒண்ணும் நடக்காது."

வெளியே வந்ததும் சுரண்டைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, எனக்குப் பணங்கூட ரெண்டாவதுதான். அவுக பீடி குடிச்சுச் சாகலன்னு ஒரு காகிதம் வந்தாப் போதும்."

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. நான்தான் டாக்டர்.

"மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? நேத்து பைப்படிக்குப் போய்ட்டு வந்து கட்டில்ல விழுந்தது யாரு?"

"ஏட்டி, அதெல்லாம் போய் ஒரு ஆபீஸர்ட்ட சொல்லுவாங்களா? கேவலமா இருக்காதா?"

"நீங்க என்ன திருடிட்டா வந்திருக்கீங்க?"

"ஒனக்குத் தெரியாது. பட்டாளத்துல ஒருத்தன் முடியலன்னு உக்காந்தா, அவன் வேலைய அடுத்தவன்தான் சுமக்கணும்."

கோபத்தில் கரண்டியைத் தூக்கிப் போட்டேன். ஆனால் அந்தப் பதில் மனசுக்குள் தங்கிவிட்டது.

மருத்துவக் குழு, செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் கூடியது. முதல் நாள் ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு, மீசையைத் திருத்தி, ஷூவைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார். நோயாளி கிளம்புகிற லட்சணமா இது? மறுநாள் அங்கே அறைக் கதவு திறந்திருந்ததால் வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. யூனிஃபார்ம் போட்ட ஒரு டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில், "மூச்சு முட்டல் உண்டோ?" என்று கேட்டார்.

"நோ சார்!"

பெண் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, யூனிஃபார்ம்தான் தெரிந்தது. வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு கையை வீசி வீசி அணிவகுப்பில் போவதுபோல நடந்தார். உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா "போதும், இருக்கூ" என்றார். உட்காரச் சொன்னதற்கு இவர் அட்டென்ஷனில் நின்றார். "கஷ்டம் உண்டோ?" "நோ சார்!"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேரே போய் நின்றேன். "டாக்டரம்மா, இவரு பொய் சொல்லுதாரு! இவரால குளிச்சுட்டுத் தல துவட்ட முடியாது. சுடுகாட்டுல கொண்டு வச்சாலும் எந்திரிச்சு ஃபிட்னு சொல்லுவாரு!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அசையவில்லை. ஆனால் இந்த வழி வேலைக்கு ஆகாது என்று அப்போதே புரிந்துவிட்டது. தன் பாரத்தை அடுத்தவன் தலையில் வைக்காத ஆள், தனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"சரி, ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றேன். "ஒங்க கூட்டாளி எப்படிப் போனாருன்னு டாக்டரம்மாட்டச் சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். பொடியைக் கரைத்தது, உரித்தது, இருவரும் தலைமுடியெல்லாம் வெள்ளையாகி ஒருவரையொருவர் கிழவன் என்று கேலி செய்தது, அந்தத் துணியில் படுத்தது. "கடைசில அவன் படுக்க மாட்டான் மேடம். உக்காந்தே தூங்குவான். பத்து அடி நடந்தா செவரப் பிடிப்பான். சாப்பிடுததுக்குக்கூட மூச்சு பத்தாது."

"நிங்களுக்கோ?" என்றார் டாக்டரம்மா.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே குழாயத்தான் சுத்துனோம்," என்றார். "அவனுக்கு இருந்தது எல்லாம் எனக்கும் இருக்கு."

என் கல்யாண வாழ்க்கையில் அவரைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு மறுப்புக் கடிதங்கள், ஒரு மேல்முறையீடு எல்லாம் முடிந்து உத்தரவு வந்தது. ராணுவப் பணியால் ஏற்பட்ட நோய் என்று எழுதியிருந்தது. அதன் நகலை எடுத்துக்கொண்டு அன்றே சுரண்டைக்குப் போனோம். அவள் மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவள் அந்த நகலைத் தெருவில் வீடு வீடாகக் காட்டியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றாகக் காட்டட்டும்!

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் வழக்கமான கூட்டம். இவரோடு பட்டாளத்தில் இருந்த நம் பக்கத்து ஆட்கள் ஒவ்வொரு சீசனிலும் ஒருநாள் குடும்பத்தோடு கூடுவார்கள். புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பதவி வரிசையில் ஐந்தருவிக்கு நடந்துபோய் அதே வரிசையில் தண்ணீரில் நிற்பார்கள். சுபேதாராக இருந்தவர்தான் எப்போதும் முன்னால் போவார்.

அன்றும் அப்படித்தான் கிளம்பினார்கள், பெண்கள் நாங்கள் பின்னால் போனோம். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் இவர் நின்றார். மலையைப் பார்க்கப்போகிறார், செருப்பைச் சரிசெய்யப்போகிறார் என்று நினைத்தேன். இவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு மூச்சு வாங்குது. நான் கொஞ்சம் உக்காருதேன்," என்று சொல்லிவிட்டு ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார்.

"என்னலே, ஃபிட் பார்ட்டி உக்காந்துட்டான்!" என்று யாரோ கேலி பண்ணினார்கள். 'மூச்சு வாங்குது' என்ற சொல்லை இவர் வாயிலிருந்து வாங்குவதற்காக அவ்வளவு சண்டை போட்டவள் நான். வாங்கியதும் கண் நிறைந்துவிட்டது.

முன்னால் போய்க்கொண்டிருந்த சுபேதார் திரும்பி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"எனக்குந்தாம்லே," என்றார். "போன வருஷத்துல இருந்தே."

பிறகு வரிசையில் நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இவர் அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டு, எந்த முகாமில், எந்த வேலையில் இருந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார்.